அச்சீவ்மென்ட் விழவில்லையா? அன்லொக்கரைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

கேமின் கடைசி பொஸை, அதாவது பெரிய எதிரியைச் சாய்த்தாயிற்று. கதை முடிந்து பெயர்ப்பட்டியலும் ஓடி முடிந்தது. அதற்காகக் கணக்கில் பதிய வேண்டிய சாதனைக் குறியான அச்சீவ்மென்ட் மட்டும் விழவில்லை. அடுத்த நிமிடமே யாராவது ஒருவர், "அன்லொக்கர் இருக்கு, டிக் பண்ணினா போதும்" என்று சொல்லிவிடுவார். விளையாடாமலே அச்சீவ்மென்டைத் திறந்துவிடும் மென்பொருள்தான் அன்லொக்கர். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் தொலைந்துவிட்டதாக நாம் நினைக்கும் அச்சீவ்மென்ட் பல நேரம் நம்முடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே, சேர்வருக்குப் போக வழி பார்த்துக் காத்துக் கிடக்கும். அதன்மேல் அன்லொக்கரால் டிக் போட்டால் குறை கண்ணில் இருந்து மறையும், காரணம் அப்படியே இருக்கும். அடுத்ததும் அதே இடத்தில் சிக்கும். இலங்கை மலையகத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: சிக்னல், கரண்ட், பழைய கம்ப்யூட்டரின் கடிகாரம். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

பொப்-அப் வந்தது, ப்ரொஃபைலில் இல்லை

கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி விளையாடும் தளமான ஸ்டீமில் ஒரு கேம் அச்சீவ்மென்ட் தருவதற்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் "இவருக்கு இது கிடைத்துவிட்டது" என்று கேம் குறித்துக்கொள்ளும். பிறகு "இதைச் சேமி" என்று ஸ்டீமுக்குச் சொல்லும். இரண்டாவது படியில்தான் மூலையில் பொப்-அப் எட்டிப் பார்க்கும். அந்த நேரம் இணைப்பு இல்லையென்றால், ஸ்டீம் அதை உங்கள் வன்வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அனுப்பும். ஆகவே பொப்-அப் பார்த்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொள்ளலாம்.

கேமை அதன் மெனு வழியாகவே மூடுங்கள். ஸ்டீம் மெனுவில் "கோ ஒன்லைன்" கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஸ்டீமைத் திறந்தபடியே விடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், அதே கேமை முதல் மெனு வரை திறந்து, மறுபடி ஒழுங்காக மூடிப் பாருங்கள். சில கேம்கள் இந்த நேரத்தில்தான் பாக்கியைக் கணக்குத் தீர்க்கும்.

இங்கே நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. போன் ஹொட்ஸ்பொட்டில் ஸ்டீமை ஒன்லைன் ஆக்கினால் அப்டேட் இறங்கி டேட்டா முழுவதையும் குடித்துவிடும் என்று பயந்து, மாதக்கணக்கில் ஓஃப்லைனிலேயே விளையாடுகிறவர்கள் நிறையப் பேர். பயம் நியாயமானது. ஆனால் அச்சீவ்மென்ட் தகவல் மிகச் சிறியது, வட்ஸ்அப்பில் வரும் ஒரு படத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. டேட்டாவைத் தின்பது கேம் அப்டேட்தான். ஒன்லைன் போகுமுன் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், தானாக அப்டேட் ஆகும் நேரத்தை உங்கள் இரவு டேட்டா தொடங்கும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். கூடவே விண்டோஸின் வைஃபை அமைப்பில் அந்த ஹொட்ஸ்பொட்டை "மீட்டர்ட்" இணைப்பாகக் குறித்தால், விண்டோஸ் அப்டேட்டும் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். பிறகு ஐந்து நிமிடம் ஒன்லைன், வேலை முடிந்தது.

பள்ளத்தில் இருக்கும் தோட்ட டிவிஷன்களில் சிக்னல் வந்து வந்து போகும். ஸ்டீம் தன்னை ஒன்லைன் என்றே காட்டிக்கொண்டிருக்கும், பின்னால் இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்டீம் நிறுவியிருக்கும் ஃபோல்டருக்குள் "லொக்ஸ்" என்ற ஃபோல்டரைத் திறந்து, பெயரில் "ஸ்டாட்ஸ்" என்று வரும் டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேடில் பாருங்கள். கேமின் ஸ்டோர் பக்க முகவரியில் இருக்கும் எண்ணை அதில் தேடினால், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வரிவரியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. "ஆப்கேஷ் ஃபோல்டரை அழித்துவிடு, சரியாகிவிடும்" என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதற்குள் இருக்கும் "ஸ்டாட்ஸ்" ஃபோல்டரில்தான் இன்னும் சேர்வருக்குப் போகாத உங்கள் அச்சீவ்மென்ட்கள் இருக்கின்றன. அழித்தால் அவை போனதுதான். வேறு வழியே இல்லையென்றால், முதலில் அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டுத் தொடுங்கள்.

வேலை முடிந்தது, பொப்-அப் வருமுன் கரண்ட் போனது

எல்லாக் கேமும் உடனுக்குடன் சேமிப்பதில்லை. சில கேம்கள் ஒரு லெவல் முடியும்வரை, சில கேமை மூடும்வரை பிடித்து வைத்திருக்கும். ஒழுங்காக மூடினால், சேமிக்காமல் விட்டதையும் ஸ்டீம் அந்த நேரத்தில் சேர்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் அந்தச் சந்தர்ப்பமே கிடைக்காது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இதே கதிதான்.

சேவ் ஃபைல் நல்ல நிலையில் இருந்தால் அதை லோட் செய்யுங்கள். சேவைப் பார்த்து "இவர் இதை முடித்திருக்கிறாரே" என்று கண்டுபிடித்து, பிந்தியாவது தரும் கேம்கள் உண்டு. தராவிட்டால் கடைசிக் கட்டத்தை மட்டும் மறுபடி விளையாட வேண்டும். சேவும் அச்சீவ்மென்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பவை என்பதை மறக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் இருக்கும் சேவும் இணையத்தில் இருக்கும் க்ளவுட் சேவும் முரண்பட்டு, எதை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் கேட்கும்போது திகதியையும் நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தவறான பக்கத்தைத் தொட்டால் விளையாட்டு பின்னுக்குப் போய்விடும், ஏற்கெனவே ப்ரொஃபைலில் ஏறிய அச்சீவ்மென்டுக்கு ஒன்றும் ஆகாது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியும் மின்னலும் தொடங்கும். அந்த நேரத்தில் நீண்ட பொஸ் சண்டையைத் தொடங்காதீர்கள். டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு 650 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். அதில் விளையாட்டைத் தொடர முடியாது, ஒழுங்காக மூட முடியும். கரண்ட் போன உடனே கேமில் சேவ், கேம் மெனுவில் எக்ஸிட், ஸ்டீமில் எக்ஸிட், அதன் பிறகு ஷட்டவுன். ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் செருகி வைத்தால் சேர்வருக்குப் போகவேண்டியதும் போய்ச் சேரும். இடி மிகக் கிட்டவாக விழுந்தால் மூடி முடித்த கையோடு பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

லொகின் ஆகவில்லை, அல்லது அச்சீவ்மென்டின் திகதி பல வருடம் முந்தியதாக நிற்கிறது

டவுனில் வாங்கும் பழைய ஒஃபிஸ் டெஸ்க்டொப்களில் இது வரும். மதர்போர்டில் சில்லறைக் காசு அளவு சிஆர்2032 பேட்டரி ஒன்று உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் பழைய திகதிக்குப் போய்விடும். திகதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லுபடியாகாதவை போலத் தோன்றும். ஸ்டீம் இணையாது, பழைய கேம்களுக்கு அச்சீவ்மென்ட் தரும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் தளத்தின் லொகினும் தோற்கும். ப்ரௌசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்தால், வேறெதையும் தேடாமல் நேராகக் கடிகாரத்தைப் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, பேட்டரியின் ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் அது துள்ளி வெளியே வரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுவதே நல்லது. பிறகு பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் மதர்போர்ட் அமைப்பில், திகதியைச் சரிசெய்து, விண்டோஸில் நேர வலயத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர, அதாவது 5:30 கூட்டல் என்று வைத்து, ஒருமுறை இணையத்தோடு ஒத்திசைத்துவிடுங்கள்.

ப்ரொஃபைலில் இருக்கிறது, பொப்-அப் வரவில்லை

கேமின்மேல் ஸ்டீம் தன் செய்திகளைக் காட்டும் ஓவர்லே அணைந்திருக்கிறது. ராம் குறைந்த மெஷின்களில் வேகத்துக்காக அதை அணைத்துவிட்டு மறந்துபோவது வழக்கம். செட்டிங்ஸில் "இன் கேம்" பகுதியில் திருப்பிப் போடுங்கள். போடாவிட்டாலும் நட்டமில்லை, அச்சீவ்மென்ட் விழும்.

நண்பர்களுக்குத் தெரியவில்லை என்றால் ப்ரைவசி செட்டிங்ஸில் கேம் விவரங்கள் மூடியிருக்கும். மொத்த எண்ணிக்கையில் மட்டும் சேரவில்லை என்றால், அந்தக் கேமின் ஸ்டோர் பக்கத்தில் "ப்ரொஃபைல் ஃபீச்சர்ஸ் லிமிடெட்" என்று இருக்கிறதா பாருங்கள். ஆயிரக்கணக்கில் அச்சீவ்மென்ட் கொட்டும் வெற்றுக் கேம்கள் பெருகியதால், ஸ்டீமை நடத்தும் வேல்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. அந்தக் கேம் போதிய அளவு விற்கும்வரை அதன் அச்சீவ்மென்ட்கள் கணக்கில் ஏறாது. உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

ஒரு கேமில் மட்டும், எதுவுமே விழவில்லை

முதல் கேள்வி: கேம் எங்கிருந்து வந்தது? பென் டிரைவில் கைமாறி வந்த கொப்பியில் ஸ்டீமைப் போல நடிக்கும் ஃபைல் ஒன்று இருக்கும். பொப்-அப்பும்கூட வரும். ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டரின் ஒரு ஃபோல்டரில் எழுதப்படுவதோடு சரி, ஸ்டீம் கணக்குக்குப் போவதற்குப் பாதையே கிடையாது. பின்னாளில் கேமை வாங்கினாலும் அந்த டிக் தானாக இடம் மாறாது. சேவ் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தால், சேவைப் பார்த்துத் தரும் கேமாக இருந்தால் சிலது விழும்.

இரண்டாவது: கேமை மாற்றியமைக்கும் மொட் அல்லது குறுக்குவழி தரும் சீட் போட்டீர்களா? இங்கே ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சட்டம். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனிலும் ஃபோல்அவுட் 4இலும் மொட் ஓடினால் அச்சீவ்மென்ட் அணைந்துவிடும், சேவ் பெயரோடு எம் என்ற எழுத்து ஒட்டிக்கொள்ளும். மைன்க்ராஃப்ட் பெட்ரொக்கில் ஒரு உலகத்தில் ஒரு தடவை சீட்டையோ க்ரியேட்டிவ் மோடையோ தொட்டுவிட்டால், அந்த உலகத்துக்கு அச்சீவ்மென்ட் நிரந்தரமாக இல்லை. திருப்பி அணைத்தாலும் வராது, நகல் எடுத்தாலும் வராது. புதிய உலகம் ஒன்றுதான் வழி. ஃபேக்டோரியோ கொஞ்சம் கருணை உள்ளது. கொன்சோல் கட்டளை கொடுக்கும்போது முதல் தடவை எச்சரித்துவிட்டு, இரண்டாம் தடவை கொடுத்தால்தான் அச்சீவ்மென்டை அணைக்கும். அணைந்துவிட்டால் கட்டளை கொடுக்குமுன் இருந்த சேவுக்குப் போங்கள். யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4இல் பழைய சேவுக்குத் திரும்ப விடாத அயர்ன்மேன் முறையிலும், மொட்டால் மாறாத செக்சம்மோடும் (கேம் ஃபைல்களின் சரிபார்ப்பு எண்) ஆடினால்தான் விழும்.

ஸ்கைரிம், ஃபோல்அவுட் போன்ற பெதெஸ்டா நிறுவனத்தின் கேம்களுக்கு, மொட் இருந்தாலும் அச்சீவ்மென்ட் விழ வைக்கும் எனேபளர்கள் கிடைக்கின்றன. இவற்றை அன்லொக்கர் என்று திட்டுவது சரியில்லை என்பது எங்கள் கருத்து. அவை பூட்டைத்தான் எடுக்கின்றன, விளையாடி எடுக்க வேண்டியதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எழுத்துருவை மாற்றும் ஒரு மொட்டுக்காக நூறு மணிநேர உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவது எந்த நியாயத்திலும் சேராது. நேற்றுவரை வேலை செய்த எனேபளர் இன்று செய்யவில்லையென்றால், கேம் அப்டேட் ஆகியிருக்கும். புதிய கேம் வெர்ஷனுக்கு உரிய எனேபளரும், மொட்களுக்குத் துணையாக ஓடும் ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டரும் வரும்வரை பொறுங்கள்.

மொட்டும் இல்லை, கொப்பியும் இல்லை என்றால், லைப்ரரியில் கேமின்மேல் வலது க்ளிக், ப்ரொப்பர்ட்டீஸ், இன்ஸ்டோல்ட் ஃபைல்ஸ், வெரிஃபை. கெட்டுப்போன துண்டுகளை மட்டுமே அது இறக்கும், ஆகவே டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம்.

போனில் பழைய கேம்கள்: ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ்

பழைய கேம் கருவிகளைப் போல நடிக்கும் எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் பிளேஸ்டேஷன் 1, கேம்போய் கேம்களுக்கு அச்சீவ்மென்ட் தருவது இது. "இந்தக் கேமுக்கு அச்சீவ்மென்ட் இல்லை" என்று வந்தால், கேமின் பெயரைப் பார்த்து அது முடிவு செய்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து எடுக்கும் ஹாஷ், அதாவது கைரேகை போன்ற குறியீடு, பொருந்த வேண்டும். ஐரோப்பிய வெளியீடு, மொழிமாற்றியது, வெட்டிச் சுருக்கியது, ஒரு பைட் மாறியது, எதுவும் பொருந்தாமல் போகலாம். கேமின் பக்கத்தில் ஏற்கும் ஃபைல்களின் பட்டியல் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். பிளேஸ்டேஷன் டிஸ்க் என்றால் பின் (.bin) ஃபைலை அல்ல, கியூ (.cue) ஃபைலைத் திறக்க வேண்டும்.

கடுமையான ஹார்ட்கோர் முறையில், எமுலேட்டர் எந்த நொடியிலும் எடுத்து வைக்கும் சேவ் ஸ்டேட்டை லோட் செய்வது, ரீவைண்ட், சீட் எல்லாம் பூட்டப்படும். அது பழுதல்ல, அதுதான் சட்டம். கேமின் உள்ளே இருக்கும் சேவ் வேலை செய்யும். சிக்னல் விட்டுப்போன நேரத்தில் அச்சீவ்மென்ட் விழுந்தால், எமுலேட்டரை மூடாதீர்கள். அது திறந்திருக்கும்வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும், மூடினால் போய்விடும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துக்கு மேலே, சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கு நடந்து போவதே இதற்கான சரியான பரிகாரம். மற்ற அப்ளிகேஷன்களைத் திறந்து எமுலேட்டரைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள், ராம் குறைந்த போன் அதைக் கொன்றுவிடும். உண்மையிலேயே எடுத்தது பதியவில்லை என்றால், ஸ்க்ரீன்ஷொட்டோ வீடியோவோ சேர்த்து நிர்வாகத்திடம் கையால் பதிந்து தரும்படி கேட்கலாம். இங்கே அன்லொக்கர் தேடுவது தேவையே இல்லாத வேலை.

எல்லாம் பார்த்தாயிற்று, கேமிலேயே பழுது

இப்போதுதான் அன்லொக்கருக்கு இடம் வருகிறது. ஸ்டீமில் பலரும் பயன்படுத்துவது ஸ்டீம் அச்சீவ்மென்ட் மேனேஜர், சுருக்கமாக சாம். முதலில் 2008இல் வந்தது, இப்போது அதன் மூலநிரல் ஜிட்ஹப்பில் திறந்திருக்கிறது. அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்கில் வருவதைத் தொடாதீர்கள். அடையாளம் எளிது: உண்மையான சாம் ஏற்கெனவே லொகின் ஆகியிருக்கும் ஸ்டீமோடு பேசுவது, அது ஒருபோதும் பாஸ்வேர்ட் கேட்காது. கேட்கும் எதுவும் உங்கள் கணக்கைத் திருட வந்தது. கொமியூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டரில் அறவே வேண்டாம்.

இறக்கிய சிப் (zip) ஃபைலை விரித்து, ஸ்டீம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் இருக்கும் பிக்கர் (Picker) என்பதைத் திறந்தால், உங்களுக்குச் சொந்தமான கேம்கள் வரிசையாக வரும். கேமை இருமுறை க்ளிக் செய்தால் அச்சீவ்மென்ட் பட்டியல். பழுதான அந்த ஒன்றில் மட்டும் டிக் போட்டு, மாற்றங்களைச் சேமிக்கும் பட்டனை அழுத்துங்கள். சாம் ஜன்னல் திறந்திருக்கும்வரை நீங்கள் அந்தக் கேமை விளையாடுவதாகவே ஸ்டீம் காட்டும், மணிநேரமும் ஏறும், ஆகவே உடனே மூடிவிடுங்கள்.

சாம் திறக்காவிட்டாலோ பட்டியல் வெறுமையாக இருந்தாலோ, ஸ்டீம் ஓடாமலோ ஓஃப்லைனிலோ இருக்கலாம். "பாதுகாக்கப்பட்டது" என்று மறுத்தால், அந்த அச்சீவ்மென்டைக் கேம் சேர்வர் மட்டுமே தரலாம் என்று உருவாக்கியவர்கள் அமைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக முயல வேண்டாம். அச்சீவ்மென்ட் திறந்தும் "1000இல் 0" என்று கோடு வெறுமையாக நிற்கிறதா? எண்ணிக்கை வேறொரு இடத்தில், ஸ்டாட்ஸ் என்ற பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்றுமுன் "கெடுத்துக்கொண்டால் பழி என்னுடையதே" என்ற பொருளில் ஒரு பெட்டியில் சாம் உங்களிடம் டிக் வாங்கும். அந்த வரியை அது சும்மா போடவில்லை. சில எண்ணிக்கைகள் கூட மட்டுமே முடியும், குறையாது. விட்டுவிடுவதே நல்லது.

இது சரியா என்ற வழக்கு நெடுநாளாக ஓடுகிறது. ஒரு பக்கம், காசு கொடுத்து வாங்கிய தனியாள் கேம், என் ப்ரொஃபைல், யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறது. மறுபக்கம், "இதை எடுத்தவர்கள் 2 சதவீதம்" என்று ஸ்டீம் காட்டும் எண் எல்லோருக்கும் பொதுவானது, பொய் டிக் ஒவ்வொன்றும் அதை உப்ப வைக்கிறது என்கிறது. இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. இரவு டேட்டாவை எண்ணி எண்ணி, கரண்ட் போகப் போக மறுபடி தொடங்கி ஒருவர் எடுத்த அரிய அச்சீவ்மென்டின் மதிப்பு அந்த எண்ணில்தான் நிற்கிறது. ஆகவே எங்கள் கோடு இது: நீங்கள் செய்து முடித்து, கேமின் பழுதால் விழாததை மட்டும் திறப்பது திருத்தம். செய்யாததைத் திறப்பது மற்றவரின் கணக்கில் கை வைப்பது.

பரிசுப் பொருள், தரவரிசை, பலர் ஆடும் கேம் எதிலும் சாமைக் கொண்டுபோக வேண்டாம். டீம் ஃபோர்ட்ரெஸ் 2இல் வெளி மென்பொருளை ஓடவிட்டுப் பொருள் சேர்த்தவர்களிடமிருந்து வேல்வ் 2009இல் அவற்றைப் பிடுங்கியது, அப்படிச் செய்யாதவர்களுக்குத் தலைக்கு மேல் ஒளிவட்டம் கொடுத்தது. எக்ஸ்பொக்ஸில் 2008இலேயே பிடிபட்டவர்களின் அச்சீவ்மென்ட் புள்ளியான கேமர்ஸ்கோர் பூச்சியமாக்கப்பட்டு, ஏமாற்றுக்காரர் என்ற பட்டமும் போடப்பட்டது. பிளேஸ்டேஷனில் அச்சீவ்மென்டுக்குப் பெயர் ட்ரொஃபி, அதை ஒருமுறை சேர்வருக்கு ஏற்றினால் திரும்பப் பெற வழியில்லை. இந்த இரண்டிலும் அன்லொக்கர் வேண்டவே வேண்டாம். வீட்டார் கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டீம் ஃபேமிலியில் அண்ணனின் கேமை எடுத்துத் தம்பி ஆடும்போது இருவருக்கும் அச்சீவ்மென்ட் தனித்தனி. ஆனால் தம்பி ஏமாற்றித் தடை வாங்கினால், கேமின் சொந்தக்காரரான அண்ணனுக்கும் அந்தக் கேமில் தடை விழும். ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் பாவிக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

தவறுதலாக "எல்லாவற்றையும் திற" அழுத்திவிட்டேன்

சேமிக்கும் பட்டனை இன்னும் அழுத்தவில்லையென்றால் ஜன்னலை மூடுங்கள், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்திவிட்டால், சாமிலேயே டிக்கை எடுத்துப் பூட்டலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூட்டாதீர்கள். நீங்கள் உண்மையாக எடுத்தவற்றையும் பூட்டினால் அவற்றின் பழைய திகதி போய்விடும், மறுபடி திறந்தாலும் இன்றைய திகதிதான் விழும். ப்ரொஃபைலில் அச்சீவ்மென்ட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தவறிய டிக்குகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் வரிசையாக நிற்கும். அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஒரு தடவை சேமியுங்கள். பிறகு கேமை ஒருமுறை திறந்து பாருங்கள். சேவைப் பார்த்துத் தரும் கேமாக இருந்தால், உங்களுக்கு உரியதை அதுவே மறுபடி தந்துவிடும்.